சீனரின் உயிர்ப்புப் பயிற்சியும் சித்தரின் வாசியோகமும்

உடம்பை ஓம்புதல் உயிரை ஓம்புதலேயாம் என்பது நம் முன்னோர் கொள்கை. நோய் வந்த பின்னர் மருந்து தேடுதலினும், நோய் வாராமற் காத்தலே சிறந்தது என்பதனைப் பழைய நாகரிக மக்கள் பலரும் உணர்ந்திருந்தனர். எனினும், அக்காவலுக்கு மூச்சையே முதற்கருவியாகக் கொண்டு, தலைமுறை தலைமுறையாக அதனை ஆய்ந்து, நூலும் நெறியும் வகுத்தோர் சிலரே. அச்சிலருள் தலைநின்றோர் சீனரும் இந்தியரும் ஆவர். இந்தியருள்ளும் தமிழ்ச் சித்தர் தமக்கெனத் தனிமரபு ஒன்று கண்டவர். இவ்விரு மரபுகளையும் அருகருகே வைத்து நோக்கி, ஒத்தன இவை, வேறுபட்டன இவை, மெய்யென நாட்டப்பெற்றன இவை, கதையளவில் நிற்பன இவை எனப் பகுத்துக் காண்டலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேற்கு மலைத்தொடரின் அடியில், கம்பம் பள்ளத்தாக்கிலே கிடக்கும் கோம்பையிற் பிறந்த எனக்கு இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. எங்கள் ஊருக்குத் தெற்கே சித்தர் உறைந்த குகைகள் உடையதெனப் போற்றப்பெறும் சுருளிமலை. வடக்கே போகர் பெயரோடு பிணைந்த பழனி. இவ்விரண்டற்கும் இடையில் வாழும் இளைஞர் செவியில் இன்று மூன்று குரல்கள் விழுகின்றன. சித்தர் கூறியன யாவும் மூடநம்பிக்கை என்பது ஒன்று. உலகிலுள்ள எல்லாப் பயிற்சியும் நம்மிடமிருந்தே சென்றது என்பது மற்றொன்று. இன்ன தொகை கொடுத்தால் எந்நோயும் தீர்க்கும் சீனத்து மறைபொருளைச் சில நாளிற் கற்பிப்போம் என்பது மூன்றாவது. இம்மூன்றனுள் ஒன்றைத் தேராது நம்பினால், இழக்க நேர்வது கைப்பொருள் மட்டுமன்று. தக்க காலத்திற் பெறவேண்டிய மருத்துவத்தையும், அதனால் உடம்பையுமே இழத்தல் கூடும். ஆதலின் இப்பொருளை நிதானமாக ஆய்தல் நம் கடனாம்.

1. சீனர் கொள்கை

சீனர் மருத்துவத்திற்கும் உடற்பயிற்சிக்கும் அடிப்படையாய் நிற்பது ‘சீ’ என்னும் ஒரு சொல். மூச்சு, காற்று, ஆவி, உயிராற்றல் என்னும் பொருள்களெல்லாம் அவ்வொரு சொல்லில் அடங்கும். நம் மொழியில் ‘ஆவி’ என்பது நீராவியையும் மூச்சையும் உயிரையும் ஒருங்கே குறிப்பதனை நினைப்போர்க்கு இஃது எளிதில் விளங்கும். இவ்வாற்றல் உடலினுள் தடையின்றி ஓடின் நலம்; தடைப்படின் நோய்; அகன்றுவிடின் சாக்காடு. இதுவே அவர்தம் கொள்கையின் சுருக்கம். அஃது ஓடும் பெருவழிகள் 12 என்றும், அவற்றோடு முதுகின் நடுவே ஒன்றும் மார்பின் நடுவே ஒன்றுமாக இரண்டு தனிவழிகள் உண்டு என்றும், இவற்றின்மேல் 361 புள்ளிகள் அமைந்துள்ளன என்றும் அவர் கணக்கிடுவர். ஊசி குத்தும் மருத்துவம் அப்புள்ளிகளையே இடமாகக் கொண்டது. மஞ்சட் பேரரசரின் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூல், நோய் முற்றிய பின் மருந்து தருவோனினும், முளைக்குமுன் தடுப்போனையே நன்மருத்துவன் எனக் கொள்ளும்.

இக்கொள்கை எத்துணைப் பழமையுடையது என்பதற்கு ஐயமற்ற சான்று ஒன்று உண்டு. சீன நாட்டுச் சாங்ஷா நகரின் அருகே மாவாங்துய் என்னுமிடத்தில், கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றை 1973-இல் அகழ்ந்தனர். அதனுட் கிடந்த பட்டுத்துணி ஒன்றில், பயிற்சி செய்யும் நிலையில் 44 உருவங்கள் வண்ணத்தில் தீட்டப்பெற்றிருந்தன. ஆடவரும் மகளிரும், இளையரும் முதியரும் அவற்றிற் காணப்படுகின்றனர். சிலர் கைகளை விரித்து வளைகின்றனர். சிலர் விலங்கு பறவைகளின் அசைவைப் பின்பற்றி நிற்கின்றனர். அரசர்க்கோ துறவியர்க்கோ மட்டும் உரியதாக இப்பயிற்சி கருதப்படவில்லை என்பது அவ்வோவியத்தாற் பெறப்படும்.

பின்னர்க் கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த ஹுவா தோ என்னும் மருத்துவர், புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகிய ஐந்தின் அசைவுகளைக் கொண்டு ஒரு பயிற்சிமுறை வகுத்தார் என்று சீன வரலாற்று நூல் கூறும். ஓயாது திரும்பும் கதவின் குடுமி உளுத்துப் போவதில்லை. அதுபோல, அளவாக அசையும் உடம்பும் கெடுவதில்லை என்பது அவர் காட்டிய ஏது. சொங் மரபினர் ஆட்சிக்காலத்தில் ‘எண்வகைப் பட்டாடை’ எனப் பொருள்படும் பெயருடைய எட்டுப் பயிற்சிகள் வழக்கிற்கு வந்தன. 17-ஆம் நூற்றாண்டில் ஹெனான் மாகாணத்துச் சென் குடியினர் ஊரில், போர்ப்பயிற்சியும் மூச்சுப்பயிற்சியும் கலந்து ‘தாய்ச்சி’ எனும் கலை உருப்பெற்றது. நீரோட்டம்போல் இடையறாது, விரைவின்றி, எண்ணத்தை அசைவோடு பிணைத்துச் செய்யப்படுவது அது. இக்காலத்து உலகெங்கும் வழங்கும் ‘சீகொங்’ என்னும் பொதுப்பெயரோ, அத்துணைப் பழமையானதன்று. 1950-ஆம் ஆண்டுகளில் லியு குய்சென் என்பவரும் அவரோடு உழைத்த மருத்துவரும், பல்வேறு பழைய பயிற்சிகளையும் அப்பெயரின்கீழ்த் தொகுத்து மருத்துவ நிலையங்களிற் புகுத்தினர். பொருள் பழமை, பெயர் புதுமை என்க.

இப்பயிற்சிகள் பலவாயினும், அவற்றின் உறுப்புக்கள் மூன்றே: உடலைச் செவ்விதின் நிறுத்தல், மூச்சைச் செவ்விதின் நடத்தல், மனத்தைச் செவ்விதின் இருத்தல். கொப்பூழுக்குச் சற்றுக் கீழேயுள்ள இடத்தைச் சீனர் உயிராற்றலின் களஞ்சியம் என்பர். மனத்தை அங்கே நிறுத்தி, முதுகின் வழியே ஏற்றி மார்பின் வழியே இறக்குவதாக மூச்சைப் பாவிப்பது அவருடைய உட்பயிற்சியின் முதற்படியாகும்.

2. சித்தர் நெறி

இனி, நம் நாட்டு நெறியைக் காண்போம். பன்னிரு திருமுறைகளுள் பத்தாவதாக வைக்கப்பெற்ற திருமந்திரம், ஒன்பது தந்திரங்களாக அமைந்தது. அவற்றுள் மூன்றாந் தந்திரம் எண்வகை யோக உறுப்புக்களையும், உடம்பை நெடிது நிறுத்தும் உபாயங்களையும் விரித்துரைக்கும். உடம்பு அழிந்தால் உயிரும் மெய்யறிவு பெறும் வழியின்றிக் கெடும். ஆதலின் உடம்பை வளர்த்தலே உயிர் வளர்த்தல் என்னும் கருத்தை மூலர் அங்கே நிலைநாட்டுகின்றார். உடம்பை இழிவென்று ஒதுக்கிய துறவியர் பலர் வாழ்ந்த நாட்டில், இவ்வுரை பெரியதொரு மாற்றமாம்.

மூச்சை உள்ளிழுத்தல் பூரகம், உள்ளே நிறுத்தல் கும்பகம், வெளிவிடுதல் இரேசகம். இவற்றிற்குத் திருமந்திரம் காட்டும் அளவு முறையே 16, 64, 32 மாத்திரை. இடப்பால் நாடியை இடகலை என்றும், வலப்பால் நாடியைப் பிங்கலை என்றும், நடுநாடியைச் சுழுமுனை என்றும் வழங்குவர். மூச்சின் இயக்கத்திற்கு ‘வாசி’ என்று பெயர். வாசி என்னுஞ் சொல் குதிரையையும் குறிக்கும். ஆதலின் அடங்காத புரவியைக் கடிவாளமிட்டு நடத்துவோனுக்கு யோகியை ஒப்பிடுதல் சித்தர் பாடல்களிற் பெருவழக்கு. அச்சொல்லையே திருப்பிப் படித்தால் ‘சிவா’ என ஒலிப்பதனையும் அவர் பொருளுடையதாகக் கொள்வர்.

ஒரு நாளில் மாந்தன் விடும் மூச்சு 21,600 என்பது யோக நூல்களின் கணக்கு. இதனைச் சோதித்துப் பார்த்தல் எளிது. ஒரு நாளுக்கு 1,440 நிமிடங்கள். 21,600-ஐ 1,440-ஆல் வகுக்க, நிமிடத்திற்கு 15 மூச்சாகும். இளைப்பாறியிருக்கும் வளர்ந்த மாந்தனுக்கு நிமிடத்திற்கு 12 முதல் 20 வரை மூச்சு இயல்பென இக்கால மருத்துவர் கொள்வர். கடிகாரம் இல்லாத காலத்தில் எண்ணிய எண் இவ்வெல்லைக்குள் நடுவே நிற்பது, அவர் உற்றுநோக்கும் இயல்பினர் என்பதற்குச் சான்றாகும். இங்ஙனமே உடலில் உயிர்நிலைகள் 108 எனக் கொண்டு, அவற்றிற்கு உண்டாம் ஊறும் அதனைத் தீர்க்கும் தடவுமுறையும் கூறும் வர்ம நூல்கள் தென்பாண்டி நாட்டிலும் குமரி நாட்டிலும் வழங்குகின்றன.

மூச்சோடு உணவையும் சித்தர் சேர்த்தே ஆண்டனர். காலையில் இஞ்சியும், நண்பகலிற் சுக்கும், மாலையிற் கடுக்காயும் கொள்ளும் முறையை நம் ஊர்ப் பாட்டிமார் இன்றும் அறிவர். தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி, நீரைக் காய்ச்சிக் குடித்தலையும், மோரை நீர் பெருக்கி உண்ணலையும், நெய்யை உருக்கி உண்ணலையும் வற்புறுத்தும். முன் உண்டது அற்றது அறிந்து உண்பானுக்கு மருந்தே வேண்டா என்று வள்ளுவர் மருந்ததிகாரத்துட் கூறியதும் இதன்பாற் படும்.

3. ஒற்றுமையும் வேற்றுமையும்

இரு மரபினையும் ஒருங்கு நோக்குவார்க்கு ஒற்றுமை பல தோன்றும். உடம்பு உலகின் சிற்றுரு என்பதும், உயிராற்றல் வழிகளின் ஊடே ஓடுகின்றது என்பதும், அதன் மூலம் உடலின் கீழ்ப்பால் உள்ளது என்பதும், முதுகின் வழியே மேலேற்றப்படும் என்பதும் இருவர்க்கும் பொது. இவற்றினும் வியப்பானது வேறொன்று. இரு நாட்டாரும் முதலிற் பாதரசத்தின் வாயிலாகச் சாவாமையைத் தேடினர். பின்னர், அத்தேட்டத்தின் சொற்களையே கொண்டு உட்பயிற்சியை விளக்கினர். உலையும் தீயும் இரசமும் வெளியே இருந்தன. அவையே பின்னர் வயிறும் மூச்சும் விந்துவுமாக உள்ளே வைத்து உரைக்கப்பட்டன.

வெளிப்புறத் தேட்டத்தின் விளைவோ கொடியது. சீன நாட்டுத் தாங் மரபின் பேரரசர் சிலர், சாவாமருந்து எனத் தந்த இரசக் கலவைகளை உண்டு மாண்டனர் என அந்நாட்டு வரலாறு கூறும். நம் நாட்டிலும் பழனியாண்டவர் திருவுருவைப் போகர் ஒன்பது பாடாணங்களைக் கட்டி அமைத்தார் என்பது வழிவழி வரும் நம்பிக்கை. அங்ஙனம் பாடாணம் கையாளும் திறத்தைப் போற்றிய மரபிலேயே, முறையறியாது செய்த பற்பமும் செந்தூரமும் நஞ்சாகும் என்ற எச்சரிக்கையும் உண்டு. இன்று விளம்பரம் கண்டு பெயர் அறியாதவரிடம் பற்பம் வாங்கி உண்பவர் அவ்வெச்சரிக்கையை மறந்தவரே.

வேற்றுமைகளும் உள. சீனர் பயிற்சி பெரும்பாலும் நின்றும் அசைந்தும் செய்வது. சித்தர் பயிற்சி பெரும்பாலும் இருந்தும் அடங்கியும் செய்வது. சித்தர் மூச்சை நிறுத்துதலைச் சிறப்பிப்பர். பழஞ்சீனரும் அங்ஙனம் நிறுத்தினரேனும், பிற்காலப் பொதுப்பயிற்சிகள் மூச்சை இயல்பாக விடுதலையே விரும்பின. எல்லாவற்றினும் பெரிய வேற்றுமை, அறிவைப் போற்றிய முறையில் உள்ளது. நம் சித்தர் தாம் கண்டவற்றைக் குழூஉக்குறியில் மறைத்து, குருவின் வாய்மொழியின்றிப் பொருள் தோன்றாதவாறு பாடி வைத்தனர். தகாதவர் கையிற் சிக்கலாகாது என்பது அவர் கருத்து. அதன் பயனோ, குரு மறைந்தபோது பொருளும் மறைந்தது. ஏடு செல்லுக்கு இரையாயிற்று. சீனரிடத்தும் மறை உண்டேனும், கடந்த நூற்றாண்டில் அவர் தம் பயிற்சிகளை வெளிக்கொணர்ந்து, அசைவுக்கு அசைவு வரையறுத்தனர். 1956-இல் தாய்ச்சியை 24 நிலைகளாகச் சுருக்கிப் பொதுமக்களுக்கு வழங்கினர். இன்று அந்நாட்டுப் பூங்காக்களில் முதியோர் விடியலிற் கூடி அதனைச் செய்கின்றனர்.

4. யார் யாரிடம் கற்றனர்?

இத்துணை ஒற்றுமை இருத்தலின், ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றிருத்தல் வேண்டும் என்று கூறுவோர் பலர். அவர் காட்டும் சான்றுகள் இரண்டு.

முதலாவது போகர் வரலாறு. போகரின் ஆசிரியர் காலாங்கிநாதர் சீனத்தில் இருந்தார் என்றும், போகரும் சீனம் சென்று மீண்டார் என்றும் கூறுவர். போகர் ஏழாயிரம் என்னும் நூலிற் சீனம் பலகாற் பேசப்படுகின்றது. ஆயினும், இந்நாளிற் கிடைக்கும் அந்நூலின் மொழிநடை பிற்காலத்தது என்பதனைத் தமிழ் இலக்கணம் பயின்றோர் எளிதில் உணர்வர். ஆகவே, அது மரபின் நினைவைக் காட்டுமேயன்றி, பழங்கால நிகழ்ச்சிக்கு நேர்ச்சான்று ஆகாது.

இரண்டாவது போதிதருமர் வரலாறு. தென்னிந்திய அரச குமாரர் ஒருவர் சீனம் சென்று பௌத்தத்தின் தியானநெறியை நிறுவினார் என்பது சீனர் மரபு. அவரைக் காஞ்சியினர் என்போர் பலர். ஆயின், கி.பி. 547-ஐ ஒட்டி எழுதப்பட்ட மிகப் பழைய சீனக் குறிப்போ அவரைப் பாரசீகர் என்று கூறும். அவர் சாவோலின் மடத்துத் துறவியர்க்கு உடற்பயிற்சி கற்பித்தார் என்னும் கதைக்கு மூலம், தசைநார்களை மாற்றும் நூல் என்னும் பொருளுடைய ஒரு சீனநூல். அது 17-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டு, போதிதருமர் பெயரில் ஏற்றப்பட்டது என்பது ஆராய்ச்சியாளர் முடிபு. ஒரு தமிழனைச் சீனர் உடற்கலையின் தந்தையாகக் காண நம் உள்ளம் விழைவது இயல்பே. விழைவு சான்றாகாது என்பதனை மறத்தலாகாது.

அங்ஙனமாயின், தமிழர்க்கும் சீனர்க்கும் தொடர்பே இல்லையோ எனின், உண்டு. அதற்குக் கல்லும் ஏடும் சான்றாம். சோழர் தூதர் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளிற் சீன அரசவையை அடைந்தனர். சீனத்துச் சுவான்சோ துறைமுகத்தில் தமிழ் வணிகர் எடுத்த சிவன்கோயிலின் கல்வெட்டு, 1281-இல் தமிழிற் பொறிக்கப்பட்டது. நாகப்பட்டினத்தில் சீனர் கோபுரம் என மக்கள் வழங்கிய பழங்கட்டடம் ஒன்று 1867 வரை நின்றது.

சொற்சான்றும் உண்டு. சீனி, சீனப்பட்டு, சீனச்சட்டி, சீனவெடி என நாள்தோறும் நாம் வழங்கும் சொற்கள் யாவும் அந்நாட்டின் பெயரைத் தாங்கியவை. சித்த மருத்துவத்திற் படிகாரத்திற்குச் சீனக்காரம் என்று பெயர். பறங்கிப்பட்டை என நம் மருத்துவர் வழங்கும் கிழங்கும் சீனத்திலிருந்து வந்த சரக்கே. இங்கே ஒன்று கருதத்தக்கது. பண்டங்களின் பெயரிற் சீனம் இருக்கின்றது. மூச்சுப்பயிற்சியின் பெயர்களாகிய வாசி, பூரகம், கும்பகம், இடகலை, குண்டலி என்பனவோ தமிழும் வடமொழியுமாகவே இருக்கின்றன. கலை கடல் கடந்து வந்திருப்பின், அதன் கலைச்சொல் ஒன்றேனும் உடன் வந்திருத்தல் இயல்பு. இதனால், சரக்கு வந்தமை நாட்டப்பெற்றது. பயிற்சி வந்தமையோ சென்றமையோ நாட்டப்பெறவில்லை என்று முடிபு கூறலாம். இரு நாட்டாரும் ஒரே உடம்பை உற்றுநோக்கினர். ஆதலின் ஒத்தன கண்டனர் என்று கொள்ளுதலே இப்போதைக்குத் தக்கது.

5. சுருளிமலை காட்டும் வழி

யார் முதலில் கண்டார் என்னும் வினாவினும், கண்டதனை எவ்வாறு பயன்படுத்துவது என்னும் வினாவே நமக்கு இன்றியமையாதது. அதற்கு விடை தேட, நம் பள்ளத்தாக்கை விட்டு வெளியே செல்ல வேண்டுவதில்லை.

1859-இல் தென்பாண்டி நாட்டுச் சாம்பவர் வடகரையிற் பிறந்து, திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்ற கிறித்தவ இளைஞர் ஆபிரகாம் பண்டிதர். மூலிகையில் நாட்டம் மிகுந்து, அவர் சுருளிமலைக்குச் சென்றார். அங்கே கருணானந்தர் என்னும் முனிவரைக் கண்டு, அவர்பால் மருந்தியல் கற்றார். பின்னர்த் தஞ்சையிற் பள்ளியாசிரியராய் இருந்து, 1890-இல் அப்பணியை விடுத்து மருத்துவத்தையே தொழிலாகக் கொண்டார். தாம் செய்த மருந்துகளுக்குக் கருணானந்த சஞ்சீவி என்று ஆசிரியர் பெயரையே இட்டார். தஞ்சையில் மூலிகைத் தோட்டம் அமைத்தார். இசையாராய்ச்சியிற் புகுந்து 1917-இல் வெளியிட்ட பெருநூலுக்கும் கருணாமிர்த சாகரம் என்று பெயர் சூட்டினார். 1919-இல் மறைந்தார்.

இவ்வரலாறு நமக்கு இரண்டு கற்பிக்கின்றது. மலைக்குகையிற் பெற்ற அறிவைப் பண்டிதர் மறையாக வைத்துப் பூட்டவில்லை. மருந்தாக்கி ஊருக்கு வழங்கினார். இசையிலும் அங்ஙனமே, பழைய கொள்கைகளைக் கணக்கிட்டுச் சோதித்து, அறிஞர் அவைகளைக் கூட்டி, அவர் முன்னே வைத்தார். இஃது ஒன்று. கிறித்தவர் ஒருவர் சித்தர் மரபிலே நல்லது கற்பது தகுமோ என்று ஐயுறுவார்க்கு, அவர் வாழ்க்கையே விடையாய் நிற்கின்றது. இது மற்றொன்று. முனிவரின் பெயரை வாழ்நாள் முழுதும் நன்றியோடு தாங்கிய அவர், தம் சமயத்தினின்று வழுவினாரும் அல்லர்.

6. சோதித்தலே உரைகல்

சோதனையின் பெருமையை விளக்கச் சீன வரலாற்றிலேயே சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. 4-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கே ஹொங் என்பவர் இரண்டு நூல்கள் செய்தார். ஒன்றில் இரசத்தாலும் பொன்னாலும் ஆகிய சாவாமருந்தைப் போற்றினார். மற்றொன்றில், முறைக்காய்ச்சலுக்கு மாசிபத்திரியின் இனமான ஒரு செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்குமாறு எளிய முறை ஒன்றை எழுதினார். 1967-இல் சீன அரசு மலேரியாவிற்கு மருந்து தேடத் தொடங்கியது. அப்பணியில் அமர்ந்த தூ யூயூ என்னும் அம்மையார் பழநூல்களைத் துருவி, இவ்வெளிய குறிப்பைக் கண்டார். காய்ச்சாமற் பிழியச் சொன்னமையை நினைந்து, வெப்பம் மிகாத முறையாற் செடியின் சத்தைப் பிரித்து, 1971-இல் வெற்றி கண்டார். ஆர்ட்டெமிசினின் என்னும் அம்மருந்து பல இலக்கம் உயிர்களைக் காத்தது. 2015-இல் அவர்க்கு நோபெல் பரிசும் கிடைத்தது. ஒருவரே எழுதிய இரு குறிப்புகளுள் ஒன்று நஞ்சு, மற்றொன்று மருந்து. எழுதியவர் பெருமையோ நூலின் பழமையோ அவற்றைப் பிரித்துக் காட்டவில்லை; சோதனையே பிரித்துக் காட்டிற்று.

மூச்சுப்பயிற்சியும் இவ்வுரைகல்லில் உரைக்கப்பட்டு வருகின்றது. ‘சீ’ என்னும் ஆற்றலை இதுகாறும் எக்கருவியும் அளந்ததில்லை. ஆயின், அதன் பெயரால் நிகழும் பயிற்சியின் பயன் அளக்கப்பட்டுள்ளது. தாய்ச்சி பயிலும் முதியோர் தவறி விழுதல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகின்றது என்பது, பல சோதனைகளைத் தொகுத்து நோக்கிய ஆய்வு ஒன்று 2019-இற் கண்ட முடிபு. முதுமையில் விழுதலால் இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் வீழ்ந்தாரை அறிந்தோர், இப்பயனைச் சிறிதென்னார்.

2001-இல் இத்தாலிய ஆராய்ச்சியாளர் நடத்திய சோதனை ஒன்று நம்மனோர்க்குப் பெரிதும் சுவை தருவது. நலமுடைய 23 பேரை இலத்தீன் மொழியிற் செபமாலை செபிக்கச் செய்தனர். பின்னர் யோக மந்திரம் ஒன்றை உருவேற்றச் செய்தனர். இரண்டிலும் அவர்தம் மூச்சு நிமிடத்திற்கு ஆறளவாகத் தாழ்ந்தது. நெஞ்சத் துடிப்பும் குருதியழுத்தமும் ஓர் ஒழுங்கிலே இயங்கின. வேண்டுதல் வேறு, மொழி வேறு, தெய்வப்பெயர் வேறு, மூச்சு ஒன்று. மெல்ல மூச்சுவிடுதல் உடம்பை அமைதியுறச் செய்யும் என்பதனை எல்லாச் சமயத்தாரும் தம்மையறியாமலே கையாண்டு வந்தனர் போலும்.

சோதனை நலத்தை மட்டுமன்றித் தீங்கையும் காட்டும். 1980-ஆம் ஆண்டுகளில் சீன நாடெங்கும் இப்பயிற்சியில் மோகம் பரவியது. தொடாமலே நோய் தீர்ப்போம் எனக் கூறிய போலியாசிரியர் பெருந்திரளைக் கூட்டினர். அளவிறந்து பயின்ற சிலர்க்கு மனமயக்கம் நேர்ந்தது. 1994-இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கம் வெளியிட்ட நோய்ப்பகுப்பு நூலும் அந்நிலையைக் குறித்துள்ளது. வாசியைத் தக்க ஆசானின்றிப் பயிலற்க என்று நம் சித்தர் கூறியது வெறும் மறைப்பு மட்டுமன்று. அதனுட் காவலும் இருந்தது.

7. நாம் செய்யத்தக்கன

மேற்கூறியவற்றால் மாணவர்க்குப் பெறப்படுவன சில. நிமிர்ந்து நின்றும் மெல்ல அசைந்தும் மூச்சை வருத்தாமல் நெடிது விட்டும் நாள்தோறும் சிறிது நேரம் பயிலுதல் நலம், அதற்குப் பொருட்செலவு இல்லை, மறைபொருளும் இல்லை. 64 மாத்திரை அளவு மூச்சை நிறுத்துதல் போன்ற அரிய பயிற்சிகளை நூலை மட்டும் கண்டு தொடங்குதல் தகாது. நெஞ்சுநோயும் குருதிக்கொதிப்பும் உடையார்க்கு அது கேடு. பயிற்சி மருத்துவத்திற்குத் துணை, அதற்கு மாற்றன்று. நீரிழிவுக்கோ காசநோய்க்கோ உரிய மருந்தை விடுத்து மூச்சை நம்புமாறு கூறுவோன், சித்தனும் அல்லன், ஆசானும் அல்லன்.

தமிழ் பயில்வார்க்கோ கடமை இன்னும் ஒன்று உண்டு. உலகப் பேரவையின் கல்வி பண்பாட்டுக் கழகம் சீன ஊசிமருத்துவத்தை 2010-இலும், யோகத்தை 2016-இலும், தாய்ச்சியை 2020-இலும் மாந்தர் குலத்தின் மரபுச்செல்வமாக ஏற்றுக்கொண்டது. நம் நாட்டிலும் தாம்பரத்தில் தேசியச் சித்த மருத்துவ நிறுவனம் 2005 முதல் நடைபெற்று வருகின்றது. ஆயினும், மருத்துவர் சோதிக்க வேண்டுமாயின், ஏட்டின் பொருளை முதலில் யாரேனும் தெளிவுறக் கூறுதல் வேண்டும். தூ யூயூ அம்மையார்க்கு வழிகாட்டியது மூலநூலின் சில சொற்களே. குழூஉக்குறியை அவிழ்த்தல், பாடவேறுபாடு காணல், இடைச்செருகலை விலக்கல், காலத்தை வரையறுத்தல் ஆகிய இவையெல்லாம் மருத்துவன் பணியல்ல. தமிழ் மாணவன் பணி. நம் ஊர்களில் வைத்தியர் வீட்டுப் பரண்களிற் கிடக்கும் ஏடுகள் ஒவ்வொரு மழைக்காலத்திலும் குறைகின்றன. விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர் ஒவ்வொருவரும் ஓர் ஏட்டையேனும் கண்டு, உடையவர் இசைவு பெற்றுப் படியெடுத்து வருவாராயின், இக்கல்லூரியில் அவற்றைப் படித்துப் பொருள் காண்போர் இல்லாமற் போகார்.

இகழ்தல் எளிது, புகழ்தல் அதனினும் எளிது. இரண்டும் ஏட்டைத் திறவாமலே செய்யத்தக்கன. திறந்து படித்து, சோதித்து, நல்லதைக் கொண்டு அல்லதைத் தள்ளுதலே அரிது. சுருளிமலையின் அறிவைத் தஞ்சைத் தெருவிற்குக் கொணர்ந்த பண்டிதர் அவ்வரியதைச் செய்தார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வது நம் தலைமுறையின் பங்காகும்.